யுரேனியம் விற்பவர்களின் சங்கம்: அணு எரிபொருள் சந்தையின் கணக்கை எழுதுவது யார்?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் திகதி ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் சரக்குக் கப்பல் ஒன்று நுழைந்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்திலிருந்து சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பலில் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட் என்ற பொருள் இருந்தது. துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்னர் அது பற்றி முறையாக அறிவிக்கப்படவில்லை. இலங்கையின் 2014ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படியான பொருளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை கப்பலை வெளியேறச் சொன்னது, அது வெளியேறியது. பாராளுமன்றத்தில் இரண்டு நாள் சத்தம். பிறகு செய்தி மறைந்துபோனது.

அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி கேட்கப்படவேயில்லை. இப்படியான பொருட்கள் எப்போதும் நம்மைச் சுற்றியுள்ள கடலில் போய்க்கொண்டிருக்கின்றன என்றால், இந்த வியாபாரத்தின் ஒழுங்குகளை யார் பேசித் தீர்மானிக்கிறார்கள்? அரசாங்கங்களும் வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகமும் என்பது வழக்கமான பதில். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மற்றப் பாதி வியாபாரிகளின் சங்கங்கள். அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. நான் சொல்வது தொழிலாளர்களின் தொழிற்சங்கத்தை அல்ல. கம்பனிகள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் சங்கத்தை. நமக்குப் பழக்கமான உதாரணம் அரிசி ஆலை உரிமையாளர் சங்கம். நாட்டில் எவ்வளவு நெல் கையிருப்பில் இருக்கிறது என்று அந்தச் சங்கம் ஊடகங்களுக்குச் சொல்லும்போது, அந்த இலக்கம் சரியா என்று மட்டும் நாம் கேட்பதில்லை; சொல்பவர் நெல் வாங்கி அரிசி விற்பவர் என்பதையும் மனதில் வைத்தே கேட்கிறோம். யுரேனியத்திலும் கதை அதுதான். ஆனால் அங்கே சொல்பவர் யார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சுரங்கத்திலிருந்து உலை வரை

அணுமின் நிலையத்துக்கான எரிபொருள் ஒரே இடத்தில் உருவாவதில்லை. சுரங்கத்தில் தோண்டப்படும் கல்லிலிருந்து மஞ்சள் நிறத் தூளாக யுரேனியம் பிரித்தெடுக்கப்படுகிறது. 'யெல்லோகேக்' என்று துறையில் அழைக்கப்படும் அந்தத் தூள் இன்னொரு நாட்டுக்குப் போய், புளோரின் சேர்க்கப்பட்டு, யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட் ஆகிறது. ஹம்பாந்தோட்டைக்கு வந்தது இந்தப் பொருள்தான். சாதாரண வெப்பநிலையில் இது திண்மம். 56 பாகை செல்சியஸைக் கடந்தால் நேராக வாயுவாகும். கசிந்தால் காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து நச்சு அமிலமாக மாறும். ஆகவே இதன் முதல் ஆபத்து கதிர்வீச்சைவிட இரசாயனம் சார்ந்தது.

அதற்கடுத்த கட்டம் செறிவூட்டல். இயற்கை யுரேனியத்தில் 0.7 வீதமே இருக்கும் யுரேனியம்-235 என்ற வகையை 3 முதல் 5 வீதம் வரை உயர்த்துவது இது. பின்னர் வேறொரு தொழிற்சாலையில் அது வில்லைகளாக்கப்பட்டு, உலோகக் குழாய்களில் அடைக்கப்பட்டு, உலைக்குப் போகிறது.

இந்த நீண்ட சங்கிலியில் ஆட்கள் மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டு உலகச் சுரங்கங்களிலிருந்து வந்த யுரேனியம் சுமார் 49,000 தொன். அதில் 43 வீதம் கஸகஸ்தானிலிருந்தும் 15 வீதம் கனடாவிலிருந்தும் 11 வீதம் நமீபியாவிலிருந்தும் வந்தது. செறிவூட்டலை ரஷ்யாவின் ரொசாட்டம், ஐரோப்பாவின் யுரென்கோ, பிரான்ஸின் ஒரானோ, சீனாவின் அரச நிறுவனம் ஆகிய நான்கே பெரும்பாலும் செய்கின்றன. விற்பவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்த, ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிடும் சந்தை இது. அப்படியான சந்தையில் விற்பவர்கள் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

பாரிஸில் கூடிய விற்பனையாளர்கள்

1960களின் இறுதியில் யுரேனியம் மலிந்து கிடந்தது. தன் சுரங்கங்களைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்கா வெளிநாட்டு யுரேனியத்துக்குத் தன் சந்தையை மூடியிருந்தது. 1972இல் பிரான்ஸ், கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர்களும் பிரித்தானியாவின் ரியோ டின்ரோ-சிங்க் நிறுவனமும் பாரிஸில் கூடினர். யார் எந்தச் சந்தையில் விற்பது, என்ன விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்பன அங்கு இரகசியமாகப் பேசப்பட்டன. சில அரசாங்கங்களுக்கு இது தெரியும். கனடா அரசாங்கம் நேரடியாகவே ஆதரித்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் ஓர் இறாத்தல் யுரேனியத்தின் விலை சுமார் 6 டொலரிலிருந்து 40 டொலருக்கு மேல் ஏறியது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அமெரிக்காவின் செறிவூட்டல் ஒப்பந்த விதிகளில் ஏற்பட்ட மாற்றமும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் இரகசியக் கூட்டும் ஒரு காரணம் என்று வாங்கியவர்கள் நம்பினர். மின் கம்பனிகளுக்குக் குறைந்த விலையில் எரிபொருள் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ், 1975 செப்டெம்பரில் தன்னால் தர முடியாது என்று கைவிரித்தது. அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் மேரி கத்லீன் யுரேனியம் கம்பனியின் உள் ஆவணங்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கைக்குப் போய் வெளியே வந்தன. கூட்டு அம்பலமானது. வெஸ்டிங்ஹவுஸ் 29 கம்பனிகள் மீது வழக்குத் தொடர்ந்தது. கனடா என்ன செய்தது தெரியுமா? இந்தக் கூட்டு தொடர்பான ஆவணங்களை வெளியிடுவதையே தடை செய்து 1976இல் ஒழுங்குவிதி கொண்டுவந்தது.

இந்தக் குழப்பத்தின் நடுவில், 1975இல், லண்டனில் 'யுரேனியம் இன்ஸ்டிடியூட்' என்ற சங்கம் பதிவானது. அமைத்தவர்கள் யுரேனிய உற்பத்தியாளர்கள். பாரிஸ் மேசையில் இருந்தவர்கள் பலர் இங்கும் இருந்தனர். ஆனால் இந்தச் சங்கம் வேறு பாதையில் நடந்தது. விலை பேசுவதில்லை. சந்தைப் பங்கு பிரிப்பதில்லை. வாங்கும் மின் கம்பனிகளையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. உலகில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது, இனி எவ்வளவு தேவைப்படும் என்று கணக்கெடுத்து அறிக்கை வெளியிடத் தொடங்கியது. 2001இல் அது தன் பெயரை 'உலக அணுசக்திச் சங்கம்' என்று மாற்றிக்கொண்டது. இன்று சுரங்கக் கம்பனிகள் முதல் உலை கட்டுபவர்கள், மின் நிலையங்களை நடத்துபவர்கள், சரக்கு அனுப்புபவர்கள், சட்ட நிறுவனங்கள் வரை அதில் உறுப்பினர்கள்.

மூடிய அறையில் விலையை நிர்ணயிப்பதைவிட, திறந்த மேடையில் எதிர்காலத் தேவையை எழுதுவது சட்டத்துக்கு உட்பட்டது. அதைவிட நீண்ட காலம் நிலைக்கவும் கூடியது.

இலக்கம் என்னும் அதிகாரம்

இந்தச் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிபொருள் அறிக்கை வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி அந்த ஆண்டின் யுரேனியத் தேவை சுமார் 65,650 தொன். 2040இல் அது சுமார் 130,000 தொன்னாகும். இரு மடங்கு. இந்த இலக்கத்தைப் பார்த்து வங்கி கடன் கொடுக்கிறது, சுரங்கக் கம்பனி புதிய நிலத்தைத் தேடுகிறது, அமைச்சர் உரையில் சேர்த்துக்கொள்கிறார், ஊடகவியலாளர் செய்தியில் எழுதுகிறார். மேலே நான் தந்த சுரங்க உற்பத்தி வீதங்களும் அந்தச் சங்கத்தின் கணக்குகளே. அரசாங்கங்களின் தரவுகளைக் கொண்டு சர்வதேச அணுசக்தி முகவரகமும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. ஆனால் இணையத்தில் எளிதாக, இலவசமாக, விளக்கத்தோடு முதலில் கைக்கு வருவது சங்கத்தின் பக்கம்தான்.

அந்த இலக்கங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவை கவனமாகச் சேகரிக்கப்பட்டவை. ஊடகக் கற்கையில் முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: தகவல் சரியா என்பதற்கு முன்னர், எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படவில்லை என்று பார்.

இந்தப் பாடம் நமக்கு வகுப்பறையில் மட்டும் கிடைத்ததல்ல. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. உள்ளே அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் அப்படியான இலக்கங்களைக் கொண்டே அளக்கப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். எண்ணுகிறவரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று இதைவிட விளக்கத் தேவையில்லை. யுரேனியச் சங்கத்தின் கணக்கை அதனோடு சமப்படுத்துவது என் நோக்கமல்ல. அட்டவணை ஒன்றைக் கண்டால் அதில் இல்லாத நிரலைத் தேடும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதே நோக்கம்.

நமீபியா: அட்டவணையில் இல்லாத நிரல்

அப்படி இல்லாத நிரல் ஒன்றுக்கு நமீபியா உதாரணம். அந்த நாட்டைத் தென்னாபிரிக்கா ஆண்டுகொண்டிருந்தது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 1971இல் கருத்துரைத்தது. நமீபியாவின் இயற்கை வளங்களைத் தன் அனுமதியின்றி யாரும் எடுக்கக்கூடாது என்று நமீபியாவுக்கான ஐ.நா. பேரவை 1974இல் ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின்னர்தான், 1976இல், நமீப் பாலைவனத்தில் ரியோ டின்ரோ-சிங்க் நிறுவனத்தின் ரோசிங் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. பிரித்தானியாவின் அரச அணுசக்தி நிறுவனம் ஏற்கெனவே கொள்வனவு ஒப்பந்தம் செய்திருந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அந்த யுரேனியம் போனது.

போனது எப்படி? யுரேனியம் ஹெக்ஸாபுளோரைட்டாக மாற்றப்படும் தொழிற்சாலையில் பல நாட்டுச் சரக்குகள் ஒன்றாகின்றன. அதற்குப் பின்னர் எந்த அணு எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியாது. மூலநாடு என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரை ஒரு கம்பனி இன்னொரு கம்பனியுடன் மாற்றிக்கொள்ளவும் முடியும். ஐ.நா. பேரவை 1987இல் நெதர்லாந்தில் யுரென்கோவுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தபோது எதிர்கொண்ட சிக்கல்களில் இதுவும் ஒன்று.

லண்டன் சங்கத்தின் வழங்கல் கணக்கில் ரோசிங்கின் ஒரு தொன்னும் கனடாவின் ஒரு தொன்னும் ஒன்றே. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்கும் நிரல் ஒரு சந்தை அட்டவணையில் இருப்பதில்லை. நமீபியா 1990இல் சுதந்திரமடைந்தபோது, பதினான்கு ஆண்டு உற்பத்தி ஏற்கெனவே எரிந்து மின்சாரமாகியிருந்தது. தம் நிலத்தை இழந்தவர்கள், அந்த நிலத்தின் விளைச்சல் வேறு பெயரில் சந்தைக்குப் போவதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் உலக அணுசக்திச் சங்கம் யுரேனியச் சுரங்கங்களுக்கான நல்ல நடைமுறைகள் பற்றிய கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. தொழிலாளரின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு, நீர், கழிவு, அயலிலுள்ள சமூகங்களுடனான உறவு எல்லாம் அதில் உண்டு. இது முன்னேற்றம். வாங்கும் கம்பனி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத பதில்கள், பொதுப் படிவம் இருந்தால் கிடைக்கும். ஆனால் அந்தப் படிவம் கம்பனி தானே நிரப்பும் படிவம். அதை மீறினால் தண்டிக்க சங்கத்துக்கு அதிகாரமில்லை. சங்கம் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அல்ல என்பதை மறக்கக்கூடாது.

துறைமுகம், போர், நட்டஈடு

இலக்கத்துக்கு அப்பால் சங்கங்கள் விதிகள் எழுதப்படும் மேசைக்கும் போகின்றன. 1998இல் பிரித்தானிய, பிரெஞ்சு, ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து அணுப்பொருள் போக்குவரத்துக்கென்றே லண்டனில் ஒரு சங்கம் அமைத்தன. சர்வதேச கடல்சார் அமைப்பின் கூட்டங்களில் அதற்கு ஆலோசனை அந்தஸ்து கிடைத்தது. பல துறைமுகங்களும் கப்பல் கம்பனிகளும் கதிரியக்கச் சரக்கை ஏற்க மறுக்கின்றன என்பது இந்தத் துறையின் நீண்டகால முறைப்பாடு. அதில் நியாயமும் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60 கூட இப்படித் தடைப்படுவதுண்டு. ஆனால் ஒரு சிறிய நாட்டின் ஒழுங்குபடுத்தல் அதிகாரி தன் சட்டப்படி அனுமதி கேட்பதும், ஒரு துறைமுகம் காரணமின்றி மறுப்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை மேசையில் எடுத்துச் சொல்லச் சங்கத்துக்கு முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய நாட்டின் ஆள் எல்லாக் கூட்டங்களுக்கும் போவதில்லை.

போர் வந்தால் சங்கம் என்ன செய்யும் என்பதை 2022இல் பார்த்தோம். பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மார்ச் 4ஆம் திகதி ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையமான ஸப்போரிஷியாவைக் கைப்பற்றியது. அதே நாட்களில், ரஷ்ய யுரேனியத்தைத் தடைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி அமெரிக்க அணுமின் துறை வெள்ளை மாளிகையிடம் கேட்டுக்கொண்டிருந்தது என்றும், துறையின் சங்கமான 'நியூக்ளியர் எனர்ஜி இன்ஸ்டிடியூட்' அந்த முயற்சியில் இருந்தது என்றும் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மார்ச் 8ஆம் திகதி அமெரிக்கா ரஷ்ய எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. யுரேனியம் அந்தப் பட்டியலில் இல்லை. இறக்குமதித் தடைச் சட்டம் 2024 மே 13ஆம் திகதிதான் கையொப்பமானது. அதிலும் 2027 முடியும்வரை விலக்குப் பெற இடமுண்டு.

அமெரிக்க உலைகளுக்கான செறிவூட்டலில் ஏறத்தாழ கால்வாசி ரஷ்யாவில் நடந்தது என்பதால், உடனே நிறுத்தினால் மின்சாரம் பாதிக்கப்படும் என்பது துறையின் வாதம். அது வெறும் சாட்டு அல்ல. ஆனால் மின்சாரத்தின் பக்கம் பேச வாஷிங்டனில் ஒரு சங்கம் ஆயத்தமாக இருந்தது. ஸப்போரிஷியாவின் கட்டுப்பாட்டு அறையில் துப்பாக்கி முனையில் வேலை செய்தவர்களுக்கு அந்த மேசையில் அப்படி ஒரு நாற்காலி இருக்கவில்லை.

மூன்றாவது விடயம் நம் கரைக்கு அண்மையானது. அணு விபத்து நடந்தால் நட்டஈடு யார் கொடுப்பது? சர்வதேச உடன்படிக்கைகளின்படி நிலையத்தை நடத்துபவர் மட்டுமே பொறுப்பு. உலையையும் உதிரிப்பாகங்களையும் விற்றவர் பொறுப்பில்லை. உலக அணுசக்தித் துறை காலங்காலமாகக் காத்துவரும் கொள்கை இது. போபால் விஷவாயு அனுபவத்துக்குப் பின் வந்த இந்தியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் தந்த விற்பனையாளரிடமிருந்தும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று எழுதியது. விற்பனையாளர்களும் அவர்களது சங்கங்களும் கடுமையாக எதிர்த்தனர். அந்த அச்சத்தைத் தணிக்க 2015இல் இந்தியாவில் 1,500 கோடி இந்திய ரூபா காப்புறுதி நிதியம் அமைக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் ரஷ்ய உலைகள் இயங்குகின்றன. ஆகவே நட்டஈட்டுச் சட்டத்தின் ஒரு வரி மன்னாரிலுள்ள மீனவருக்கும் சம்பந்தப்பட்டதே.

நாம் கேட்க வேண்டியவை

துபாயில் 2023 டிசம்பரில் நடந்த காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050க்குள் அணுசக்தியை மும்மடங்காக்குவது என்ற இலக்கை அறிவித்தன. அதற்குப் பக்கபலமாக 120 கம்பனிகள் தனி உறுதிமொழி வெளியிட்டன. அதை ஒருங்கிணைத்தவர்களில் உலக அணுசக்திச் சங்கம் முக்கியமானது. இலங்கையிலும் அணுமின் நிலையம் பற்றி அரசாங்கங்கள் மாறினாலும் பேச்சு மாறாமல் தொடர்கிறது. பேச்சு திட்டமாகும் நாளில் அழகான அட்டவணைகளும் விளக்கப் படங்களும் தமிழிலும் நம் கைக்கு வரும்.

அப்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். அட்டவணையின் அடியில் யாருடைய பெயர் இருக்கிறது? அது அரசாங்கமா, ஒழுங்குபடுத்தும் அமைப்பா, விற்பவர்களின் சங்கமா? இரண்டாவது, அந்த அமைப்பின் உறுப்பினர் யார், உறுப்பினராக முடியாதவர் யார்? சுரங்கத்துக்கு அருகில் வாழ்பவரும் உலைக்கு அருகில் வலை வீசுபவரும் எந்த வர்த்தகச் சங்கத்திலும் சேர முடியாது. மூன்றாவது, பிழை நடந்தால் பணம் கொடுக்கும் பொறுப்பு எந்த இடத்தில் நிற்கிறது?

சங்கங்கள் இருப்பது குற்றமல்ல. அவை தம் உறுப்பினர்களுக்காகப் பேசுகின்றன, அதற்காகவே அமைக்கப்பட்டவை. அவற்றின் அறிக்கையை வாசிக்கலாம், பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் விற்பவர் தரும் கணக்கை வாங்குபவர் இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த வழக்கம். யுரேனியச் சந்தைக்கும் அதே வழக்கம் போதும்.